கோட்டுக்கு அம்பது கூட

படத்தில் எங்கும் நான் இல்லை.
துணிக்கணக்கு மட்டும் என்னுடையது:
சிவப்புக் கோட்டு அறுபத்திரண்டு,
அதில் பித்தான் போனது ஒன்பது.
பாளையத்தார் வேட்டி நாற்பது,
செம்மண்ணில் புரட்டி உலர்த்தியது.

கோட்டெல்லாம் குன்னத்தூர் சத்திரத்தில் தைத்தோம்.
"வெள்ளைக்காரன் அளவா, நம்மாளு அளவா?"
டேப்பைக் கழுத்தில் போட்டபடி கேட்டார் அப்பாஸ் பாய்.
நம்மாளு அளவுதான் பாய்.
அறுபத்திரண்டில் வெள்ளைக்காரர் நாலே பேர்.
கொடைக்கானலில் பாலாடைக்கட்டி விற்கிறவர்
அதில் ஒருத்தர்.
அவர்தான் கர்னல்.

கீழக்குயில்குடி தாண்டி
சமணர் மலை முதுகு தெரிகிற பொட்டலில்
ஒட்டுப்பலகையில் ஒரு கோட்டை.
முன்பக்கம் மட்டும்.

இயக்குநர் நல்ல மனுஷன். நிறையப் படித்தவர்.
ஒரு பக்கம் சாய்ந்து படம் எடுக்க மாட்டார்.
அதனால் கர்னல் அழுகிறார்.
கூடாரத்தில் மெழுகுவர்த்தி வைத்து
அம்மாவுக்குக் கடிதம் எழுதி அழுகிறார்,
பதினோரு டேக்.
எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்லக் கூடாது.
"இப்பத்தான் தராசு முள் நடுவுல நிக்குது" என்றார்.
நான் சட்டை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆள் வந்தது செக்கானூரணி, கருமாத்தூர்,
விக்கிரமங்கலத்தில் இருந்து, இரண்டு லாரி.
யார் எந்தப் பக்கம் என்று கேட்டதும்
அத்தனை கையும் கும்பினிக்கு எழுந்தது.
இயக்குநர் முகம் சுண்டிவிட்டது.
"அந்தப் பக்கம்தாம்பா உங்க மண்ணுக்காகச் செத்தவங்க."
"தெரியும் சார்" என்றான் கழுவன்.
"கோட்டுக்கு அம்பது கூட."

வெக்கைப்படி. கம்பளித்துணி, அக்கினி வெயில்.
மேனேஜர் போட்ட கணக்கு.
கர்னலின் கடிதத்தில் அந்தக் கணக்கு இல்லை.

காலையில் கழுவன் சிப்பாய்.
முட்டி போட்டுக் குறி பார்த்தான், சுட்டான்,
பின்வாங்கி ஓடுகையில் கயிறு தடுக்கி
"ஆத்தாடி" என்று விழுந்தான்.

மத்தியானம் சுவர்மேல் ஆள் பற்றவில்லை.
கோட்டைக் கழற்றிக் கோட்டைக்குள் போனான்.
வேட்டியை நான்தான் கட்டிவிட்டேன்.
குண்டு பட்டு, மெத்தை போடாத பக்கமாகச் சரிந்து
"ஆத்தாடி" என்றான்.

"பிரமாதம்! இதுதான் நிஜம். வச்சுக்குவோம்."
காலையில் சொன்னதை?
"சிப்பாய்க்கு அது வேணாம்.
வேற குரல் போட்டுக்கலாம்."

கழுவனுக்கு இடது காது மடல் கிழிந்திருக்கும்,
சின்ன வயதில் ஆடு இழுத்ததாம்.
சுடும்போது அந்தக் காது தெரிகிறது.
விழும்போதும் தெரிகிறது.
இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டினால்
தன்னையே சுட்டுக்கொண்டவன் ஆகிவிடுவான்.
அதைக் கண்டு சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.
என் நோட்டில் 'பிழை' என்று ஒரு கட்டம் உண்டு.
பேனாவைத் திறந்து
கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.
பிறகு 'உடை' என்கிற கட்டத்தில் எழுதினேன்:
கழுவன், சட்டை இரண்டு.

பொழுது சாய்ந்து பட்டுவாடா.
அரைநாள்தானே கோட்டுப் போட்டான் என்று
அம்பதில் பாதி பிடித்துக்கொண்டார்கள்.
அதிலும் முள் நடுவில்தான் நின்றது.

ராத்திரி லாரித் தண்ணீரில் கோட்டுகளை அலசினேன்.
சாயம் இறங்கி வாளி சிவந்தது,
முழங்கை வரைக்கும் எனக்கும்.
பார்க்கிறவர்கள் இதற்கு வேறு பெயர் வைப்பார்கள்.
சாயம்தான். மீட்டர் நாற்பது ரூபாய்ச் சாயம்.

கால் கழுவ வந்த கழுவன்
அடுத்த வாளியைத் தூக்கி ஊற்றினான்.
சிராய்ப்பில் தண்ணீர் பட்டு முகம் சுளித்தான்.
"அக்கா,
நாளைக்கு முழுநாளும் கோட்டுக் குடு."